மகளின் வெளிநாட்டுப் படிப்பு: விசாவுக்குக் காட்டும் பணம் போதுமா?

கேள்வி: என் மகள் சுற்றுச்சூழல் பொறியியலில் முதுகலை படிக்க ஆசைப்படுகிறாள். இங்கிலாந்தில் ஓராண்டுப் படிப்புக்கும், ஜெர்மனியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில வழியில் இரண்டாண்டுப் படிப்புக்கும் இடம் கிடைத்திருக்கிறது. ஏஜென்ட், "இங்கிலாந்துக்கே அனுப்புங்கள், ஒரே வருடத்தில் முடிந்துவிடும். பகுதிநேர வேலை பார்த்துச் செலவைச் சமாளித்துக்கொள்வாள். விசாவுக்குக் காட்டக் குறைகிற பணத்தை நாங்களே ஏற்பாடு செய்கிறோம்" என்கிறார். கணவரின் ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்துவிட்டு, மீதிக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா என்று யோசிக்கிறோம். பணத்தை விடவும், தெரியாத ஊரில் அவள் பத்திரமாக இருக்க வேண்டுமே என்பதுதான் என் பயம். என்ன செய்வது?

பதில்: உங்கள் பயத்திலிருந்தே கணக்கைத் தொடங்குவோம். பூட்டுச் சரியில்லாத அறையைக் காலி செய்ய, சம்பளத்தை இழுத்தடிக்கும் முதலாளியிடம் "நாளை முதல் வரமாட்டேன்" என்று சொல்ல, உடம்புக்கு முடியாதபோது வேலைக்குப் போகாமல் ஒரு வாரம் படுத்திருக்க, கையில் பணம் வேண்டும். அது இல்லாத பிள்ளைகள்தான் பொறுத்துக்கொண்டு இருக்கிறார்கள். எனவே கட்டணம், டிக்கெட் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தொகையை ஒதுக்கச் சொல்வேன்: அங்கே மூன்று மாதம் வாழ ஆகும் செலவு, அதோடு கடைசி நேரத்து விலையில் ஊர் திரும்ப ஒரு விமானச் சீட்டு. இது மகளின் பெயரில், அவள் யாரையும் கேட்காமல் எடுக்கக்கூடிய கணக்கில் இருக்கட்டும். எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று வீட்டில் விசாரணை இருக்காது என்பதையும் புறப்படும் முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள். திட்டு விழுமோ என்ற அச்சத்திலேயே உண்மையை மறைக்கும் பிள்ளைகள் நிறையப் பேர்.

அடுத்து, விசாவுக்குக் காட்டும் தொகை. பலரும் இதையே முழுச் செலவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2025 நவம்பர் முதல் இங்கிலாந்து வாழ்க்கைச் செலவுக்கென்று கேட்பது லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171 பவுண்டு. ஆனால் அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்குத்தான் கணக்குக் காட்டச் சொல்கிறார்கள். லண்டனுக்கு வெளியே என்றால் 10,539 பவுண்டு. உங்கள் மகளோ அங்கே பன்னிரண்டு மாதம் இருக்கப்போகிறாள். அதே விகிதத்தில் 14,052 ஆகிறது. விசா அதிகாரி கேட்காத அந்த 3,513 பவுண்டை யார் தருவார் என்பதற்கு இப்போதே பதில் வேண்டும். இதோடு அங்கே அரசு மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணம் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு, விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். படிப்பு ஓராண்டு என்றாலும் விசா அதைத் தாண்டிச் சில மாதம் நீளும், அதற்கும் சேர்த்தே வசூலிப்பார்கள்.

ஜெர்மனியில் 'முடக்கப்பட்ட கணக்கு' என்று ஒரு முறை. 2024 செப்டம்பர் முதல் ஓராண்டுக்கு 11,904 யூரோ அதில் போட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக விடுவிப்பார்கள். முகவரியைப் பதிவு செய்து, உள்ளூர் வங்கிக் கணக்குத் திறக்கும்வரை அந்தப் பணம் கைக்கு வராமல் போகலாம். அதே வாரங்களில்தான் வீட்டுக்கு முன்பணமும் கேட்பார்கள். சட்டப்படி அது மூன்று மாத அடிப்படை வாடகை வரை போகலாம். ஆகவே முதல் இரண்டு மாதத்துக்கான பணத்தைத் தனியாகக் கொடுத்தனுப்புங்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, பருவத்துக்கு ஒரு சிறு பங்களிப்புத்தொகை மட்டும். விதிவிலக்குகளும் உண்டு. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து வசூலிக்கத் தொடங்கிவிட்டது. உங்கள் மகளின் அனுமதிக் கடிதத்தில் இதைப் பாருங்கள்.

ஏஜென்ட் ஏன் இங்கிலாந்தையே வற்புறுத்துகிறார்? பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பல, மாணவரைச் சேர்த்துவிடும் ஏஜென்டுக்குக் கமிஷன் தருகின்றன. ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்த வழக்கம் பொதுவாக இல்லை. கமிஷன் வாங்குவது குற்றமல்ல, ஆனால் அவர் சொல்வது நடுநிலையான ஆலோசனை என்று நினைத்துவிடாதீர்கள். "குறைகிற பணத்தை நாங்களே ஏற்பாடு செய்கிறோம்" என்றாரே, அதற்கு மட்டும் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள். விசாவுக்கான பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்து விதி. அதற்காக வட்டிக்குப் பணம் போட்டு எடுப்பதும், வங்கி ஆவணத்தைத் திருத்துவதும் சில இடங்களில் நடக்கிறது. ஏமாற்றியதாகத் தெரிந்தால் 10 ஆண்டு வரை விசா மறுக்கப்படலாம். ஏஜென்டுக்கு ஒன்றும் ஆகாது, மகளின் பாஸ்போர்ட் எண்தான் பதிவில் நிற்கும்.

பகுதிநேர வேலையை நம்பித் திட்டம் போடாதீர்கள். இங்கிலாந்தில் பட்டப்படிப்பு மாணவர், வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். வரம்பைத் தாண்டினால் விசாவுக்கே ஆபத்து. அதைவிட எனக்குக் கவலை தருவது, பணமுடை உள்ள பிள்ளைகளைத் தேடி வரும் வேறொரு 'வேலை'. "உன் கணக்கில் பணம் வரும், எடுத்து இன்னொருவருக்கு அனுப்பு, கொஞ்சம் வைத்துக்கொள்" என்பார்கள். அது மோசடிப் பணமாக இருக்கும். கணக்கு முடங்கும், வழக்கும் வரலாம். இங்கிலாந்தில் பணமோசடிக்கு அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டுச் சிறை. பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போகாமல், இதை மகளோடு உட்கார்ந்து பேசுங்கள். அறையைப் பார்க்காமல் வாடகை முன்பணம் அனுப்பக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் ஆண்டுக்குப் பல்கலைக்கழக விடுதியே நல்லது, அதற்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

இனி அடமானம். ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கல்விக்குக் கடன் கிடைக்கும், முதுமைக்குக் கடன் கிடைக்காது. வீட்டை வைப்பதா என்பதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். படிப்பு முடிந்து அங்கே வேலை கிடைக்காமல் மகள் ஊர் திரும்பிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊரில் அவளுக்குக் கிடைக்கக்கூடிய முதல் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் மாதத் தவணை அடங்குமா? அடங்கினால் கடன் வாங்கலாம். அடங்காவிட்டால் அந்தப் படிப்பு உங்கள் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாதது. அங்கே தங்கி வேலை தேடும் கால அவகாசத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். படித்து முடித்தவருக்கு இங்கிலாந்து தரும் இரண்டாண்டு அனுமதி, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் விலக்கு. ஜெர்மனியில் ஏற்கெனவே 18 மாதம்தான்.

உங்கள் நிலையில் நான் ஜெர்மனியைத்தான் தேர்வேன், ஒரு நிபந்தனையோடு. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் வீட்டு ஒப்பந்தம், மருத்துவர், பயிற்சி வேலை எல்லாம் ஜெர்மன் மொழியில் இருக்கும். புறப்படும் முன் அந்த மொழியைக் குறைந்தது ஏ2 நிலை (அன்றாடப் பேச்சுக்கான இரண்டாவது அடிப்படை நிலை) வரை படிக்க மகள் தயாரா? தயார் என்றால் அந்த வகுப்புக்குச் செலவாகும் பணத்தைப் போல் பலன் தருவது வேறில்லை. விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். இரண்டு பாடத்திட்டங்களையும் எடுத்து, கழிவுநீரா, காற்றா, எதில் அவள் ஆய்வு செய்ய விரும்புகிறாளோ அதற்குரிய பாடங்களும் ஆசிரியர்களும் எங்கே இருக்கிறார்கள் என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர் இரண்டு பேருக்கு அவளே எழுதிக் கேட்கட்டும். ஏஜென்ட் அறிமுகப்படுத்துபவர்கள் வேண்டாம்.

எந்த முடிவானாலும், இடத்தை உறுதிசெய்யும் முன்பணத்தை ஏஜென்ட் கணக்கில் போடாமல் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேரடியாக அனுப்புங்கள். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எத்தனை நாளில் என்பதை அனுப்பும் முன்னரே எழுத்துமூலம் கேட்டு வாங்கிவிடுங்கள். ஒதுக்கச் சொன்ன தொகை இந்த ஆண்டு சேராது என்றால், சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று இரண்டு பல்கலைக்கழகங்களிடமும் கேளுங்கள். ஒத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு.