குத்தகை வீடும் டியூக்கின் காணியும்

தம்பி, நீங்கள் இலண்டனில் பார்த்திருக்கும் அடுக்குமாடி வீட்டின் குத்தகையில் 72 ஆண்டுகளே மிச்சம் என்றும், முழு விலை கொடுத்தும் நிலம் இன்னொருவருக்கு எப்படிச் சொந்தமாகும் என்றும் கேட்டிருந்தீர்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், குளிருடுப்பு பற்றி இங்கே எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். குத்தகையைப் பற்றித்தான் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

வந்த புதிதில் மத்திய இலண்டனின் மேஃபேரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவினேன். அந்தப் பகுதியில் கோடீஸ்வரர்களும் குத்தகைக்காரர்களே என்று அங்கிருந்த ஐரிஷ் சமையற்காரர்தான் முதலில் சொன்னார். 1677இல் சேர் தாமஸ் க்ரோவ்னர் மணந்த மேரி டேவிஸ் என்ற 12 வயதுச் சிறுமி, ஏறத்தாழ 500 ஏக்கர் சதுப்பையும் மேய்ச்சல் நிலத்தையும் முதுசமாகக் கொண்டுவந்தாள். மேஃபேரும் பெல்கிரேவியாவும் அந்தச் சேற்றில் எழுந்தவை. க்ரோவ்னர் குடும்பம் நிலத்தை விற்காமல் நீண்ட தவணைக்குக் கொடுத்தது. கட்டியவர் தம் பணத்தில் வீடு கட்டினார், தவணை முடிந்ததும் நிலத்தோடு வீடும் குடும்பத்திடம் திரும்பியது.

அந்தக் குடும்பத்தின் தலைவரே வெஸ்ட்மின்ஸ்டர் டியூக். ஆறாம் டியூக் 2016இல் இறந்தபோது, இரண்டு அக்காமார் இருக்க, 25 வயது மகன் ஹியூவுக்கே பட்டம் போனது. முடியுரிமையில் மூத்த மகளுக்கு இடம் கொடுத்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் பிரபுப் பட்டங்களைத் தொடவில்லை. சுமார் 900 கோடி பவுண் என்று மதிப்பிடப்பட்ட சொத்தில் பெரும்பகுதி, குடும்பத்துக்காகச் சொத்தை வைத்து நிர்வகிக்கும் அறக்கட்டுகளின் (டிரஸ்ட்) பெயரில் இருந்ததால், நம்மைப் போன்றோரின் வீட்டைக்கூட எட்டிப் பார்க்கும் 40 சதவீத மரணவரி அதன்மேல் நேராக விழவில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை உச்சமாக 6 சதவீதம் கட்டுவதே அத்தகைய அறக்கட்டுகளுக்கான விதி.

குத்தகைக்காரர் நிலத்தை வாங்க வழிவிட்ட 1967ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து, டியூக் குடும்பத்தின் அறங்காவலர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 1986இல் தோற்றார்கள். 1993இல் அந்த உரிமை அடுக்குமாடிகளுக்கும் விரிந்தபோது, ஆறாம் டியூக் அதை எதிர்த்துக் கன்சர்வேட்டிவ் கட்சியை விட்டே விலகினார். உங்களுக்கு இன்று இருக்கும் உரிமை அப்படி இழுபறிப்பட்டு வந்தது.

நம்மவர்களோ பிறந்தநாள் விழாவில் புது வீட்டுப் படம் காட்டுவார்கள், குத்தகைப் பத்திரத்தைப் பிரித்தும் பார்க்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் 60 ஆண்டுக்குக் குறைந்த குத்தகையோடு விற்கப் போனபோது, வாங்க வந்தவருக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்கவில்லை. நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னுடைய பத்திரத்தை வரிவரியாக வாசித்தேன். கூரை பழுதானால் என் பங்கு எவ்வளவு என்பது 14ஆம் பக்கத்தில் இருந்தது. அதனால்தான், நான் ஏறாத படிக்கட்டின் கம்பளத்துக்குக் கட்டட நிர்வாக முகவர் அனுப்பிய பராமரிப்புக் கட்டணச் சீட்டைத் திருப்பி அனுப்ப முடிந்தது.

72க்கு வருவோம். 80 ஆண்டுக்குக் கீழே போன குத்தகையை நீடிக்க, அதனால் கூடும் மதிப்பில் பாதியையும் நிலவுரிமையாளருக்குக் கொடுக்கவேண்டும் என்பது பழைய விதி. 2024ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கச் சொல்கிறது. ஆனால் அதன் எல்லாப் பிரிவுகளும் உடனே நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே அந்தப் பாதியை நீங்கள் கட்ட நேரலாம். நீடிப்புக் கோரிக்கையை விற்பவரையே தொடங்கச் சொல்லி, அதன் பயனை உங்கள் பெயருக்கு மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். விற்பனை முகவர் காட்டும் சட்டத்தரணியை வைக்காதீர்கள், அவர் தமிழராக இருந்தாலும்.