ரோபோ சட்டகத்துக்கு அலுமினியம் ப்ரொஃபைல்: எத்தனை மீட்டர், எந்த நட்?

கேள்வி: மகளின் பள்ளி அணி போட்டி ரோபோ செய்கிறது. ஆட்டம் தொடங்கும்போது ரோபோ 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்கவேண்டும். அடிச்சட்டகத்துக்கு, நீளவாக்கில் ஸ்லாட் (பள்ளம்) உள்ள அலுமினியம் ப்ரொஃபைல் தேவை. 2020 (20×20 மி.மீ. குறுக்களவு) போதும் என்கிறார் ஒரு கடைக்காரர். 4040 (40×40 மி.மீ.) தான் நிற்கும் என்கிறார் மற்றவர். எவ்வளவு வாங்குவது? – வாசகர், பெரம்பூர்

பதில்: 2020 வாங்குங்கள். மீட்டருக்கு ஏறத்தாழ அரை கிலோ. 4040 அதைப்போல மூன்று மடங்கு கனம். அந்தச் சுமையை மோட்டார்தான் இழுக்கவேண்டும். இவ்வளவு சிறிய சட்டகத்தில் ப்ரொஃபைல் வளைவது அரிது, தளர்வதெல்லாம் மூட்டுதான்.

18 அங்குலம் என்பது 457 மி.மீ. வெளியளவு 420 வைத்தால் பக்கத்துக்கு 18 மி.மீ. மிஞ்சும், போல்ட் தலையும் வயரும் அதற்குள் அடங்கும். 420 மி.மீ. இரண்டு, அவற்றுக்கு இடையில் 380 மி.மீ. மூன்று (ஒன்று நடுக்குறுக்கு). கூட்டினால் 1,980. வெட்டுக்கு 3 மி.மீ. தேய்மானம் என்றால் ஐந்து வெட்டுக்கு 15 சேர்ந்து 1,995. இரண்டு மீட்டர் போதும்போலத் தோன்றும். முனையைச் சதுரமாக்க ஒரு முறை சீவினாலே பற்றாது. ஒரே நீளமாக இரண்டரை மீட்டர் வாங்குங்கள். கூரியருக்காக ஒரு மீட்டர் துண்டுகளாகத்தான் தருவார்கள் என்றால் மூன்று வேண்டும்: ஒன்றில் இரண்டு 420, அடுத்ததில் இரண்டு 380, ஐந்தாவது துண்டுக்கு மூன்றாவது மீட்டர்.

கடையில் மீட்டருக்கு எவ்வளவு எடை என்று கேட்டு, தராசில் வைத்துப் பாருங்கள். குறைந்தால் சுவர் மெல்லியது; போல்ட்டை இறுக்கும்போது ஸ்லாட்டின் உதடு வெளியே பிதுங்கிவிடும். சொல்லும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கமா என்பதையும் கேளுங்கள்.

வெட்டுவதைப் பட்டறையிலேயே கொடுங்கள். அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் அலுமினியத்துக்கான பிளேடு போட்ட கட்டிங் மெஷின் இருக்கும் இடமாகப் பாருங்கள். கையால் ஹேக்ஸாவில் அறுத்த முனை அரை மில்லி சாய்ந்தாலும் மூலை 90 டிகிரி வராது. பூட்டியபின் இரு மூலைவிட்டங்களையும் அளக்கவேண்டும். இரண்டும் 594 மி.மீ. இருக்கவேண்டும். ஒரு மில்லிக்கு மேல் வேறுபட்டால் எல்லா போல்ட்டையும் தளர்த்தி நேராக்கி மறுபடி இறுக்குங்கள். கோணிய சட்டகத்தில் ரோபோ நேராக ஓடாது.

கேள்வி: ஆன்லைனில் '20 சீரீஸ், 6 மி.மீ. ஸ்லாட்' என்று போட்டிருந்த டி-நட் (ஸ்லாட்டுக்குள் நின்று போல்ட்டைப் பிடிக்கும் நட்) வாங்கினோம். பாதி நட் ஸ்லாட்டுக்குள் நுழையவே இல்லை. நுழைந்தவையும் இறுக்கினால் ஆடுகின்றன. விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.

பதில்: இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன. நுழையாதவை பெரும்பாலும் 8 மி.மீ. ஸ்லாட்டுக்கான 30 சீரீஸ் (30 மி.மீ. ப்ரொஃபைல்) நட்டாக இருக்கும். வெர்னியர் அளவுகோலில் ஸ்லாட் வாயையும் நட்டின் குறுகிய பக்கத்தையும் அளந்து பாருங்கள்.

ஆடுவதற்குப் பெரும்பாலும் போல்ட் நீளமே காரணம். மெல்லிய பிராக்கெட்டில் (இரு துண்டுகளை இணைக்கும் எல் வடிவ இணைப்பான்) எம்5×12 (5 மி.மீ. தடிமன், 12 மி.மீ. நீள போல்ட்) போட்டால் முனை ஸ்லாட்டின் அடியில் முட்டிவிடும். கைக்கு இறுகியது போலிருக்கும், பிராக்கெட்டோ பிடிக்காது. எம்5×8 போட்டுப் பாருங்கள். தடித்த வார்ப்பு பிராக்கெட்டுக்கு 10. ஹேமர் நட் (ஸ்லாட்டில் நுழைத்துத் திருப்பினால் பூட்டும் வகை டி-நட்) என்றால், அது முழுக் கால் சுற்று திரும்பி குறுக்காக நிற்கிறதா என்று ஸ்லாட்டின் முனைவழியாகப் பாருங்கள். மேலே உள்ள சட்டகத்தில் மூலைக்கு ஒன்று, நடுக்குறுக்குக்கு நான்கு என எட்டு பிராக்கெட், 16 போல்ட், 16 நட். 25 ஆக வாங்கினால் தொலைந்ததற்கும் ஈடாகும். முனையிலிருந்து நுழைக்கும் வகை நட் என்றால் சட்டகத்தை மூடுமுன்பே, பின்னால் தேவைப்படுவதற்கும் சேர்த்து, உள்ளே போட்டுவிடுங்கள்.

விளம்பரத்தில் சொன்ன அளவில் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள். விளம்பரப் பக்கத்தின் படம், பில், வெர்னியர் அளவு தெரியும் புகைப்படம் மூன்றையும் வைத்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உங்கள் அளவுக்கு வெட்டித் தந்த ப்ரொஃபைலைச் சரியாக வெட்டியிருந்தால் திருப்பித் தருவது கடினம். அதனால் வெட்டு அளவை எழுத்தில் கொடுத்து, பில்லிலும் ஸ்லாட் அளவோடு குறிக்கச் சொல்லுங்கள்.