கொசுறு கேட்கும் மகள்

கேள்வி: பிள்ளை வளர்ப்பில் உங்களைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்து, பிறகு சிரிக்கவும் வைத்தது எது?

என் வாய்தான்.

நான் மதுரைக்காரி. ஒரு பொருளைச் சொன்ன விலைக்கே வாங்கிவிட்டால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. விளக்குத்தூண் பக்கம் நைட்டி 250 என்றால் 120-ல் ஆரம்பிப்பேன். "அசலே வராதுக்கா" என்பார் கடைக்காரர். நடையைக் கட்டுவேன். நாலாவது எட்டில் "வாங்கக்கா, சொல்லிட்டுப் போங்க" என்று குரல் வரும். 150-க்கு முடியும். மிச்சம் பிடித்த நூறு ரூபாய்ப் பெருமையோடு ஆட்டோவுக்கு 120 கொடுத்து வீடு வந்து சேருவேன். அதுவும் அவர் 150 கேட்டதைப் பேசிக் குறைத்ததுதான். ஆக மொத்தம் 130 ரூபாய் லாபம். என் வீட்டுக்காரருக்கு மட்டும் இந்தக் கணக்கு புரிவதேயில்லை.

காலையில் கடை திறந்ததும் போய்விட்டால் போணி நேரம். முதல் ஆளைச் சும்மா திருப்பி அனுப்ப யாருக்கும் மனசு வராது. இந்த வித்தையை எல்லாம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும்போதே விளக்கமாகச் சொல்லியும் கொடுத்தேன். அவளுக்கு இப்போது எட்டு வயசு. ஏழாம் வாய்ப்பாடு இன்னும் தகராறு. இது மட்டும் ஒரே தடவையில் மண்டையில் ஏறிவிட்டது.

"நாலு இட்லி சாப்பிடு."

"ஒண்ணு."

"மூணாவது சாப்பிடுடி."

"கட்டுபடியாகாதும்மா" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்து நடக்கிறாள். நாலாவது எட்டில் "சரி சரி, வா, ரெண்டு போதும்" என்று யாரோ கூப்பிடுகிறார்கள். பார்த்தால் நான்தான்! இத்தனை வருஷம் கடை வாசலில் நின்று பேசியவள் எப்போது கல்லாவில் போய் உட்கார்ந்தேன் என்றே தெரியவில்லை.

சரி, கடைக்காரர் புத்தியையே பிடிப்போம் என்று நானும் ஏற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ரெண்டு தோசை உள்ளே போக வேண்டுமென்றால் அஞ்சு என்பேன். ஒரு வாரம் நன்றாகத்தான் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை வந்த அத்தையிடம் ரகசியம் போலச் சொல்கிறாள்: "அம்மா சொல்றதுல பாதிதான் அசல் ரேட்டு, அத்தை."

காலையில் கண்ணைத் திறந்ததும் போன் கேட்பாள். முடியாது என்று வாயெடுப்பதற்குள், "மொத மொதக் கேக்குறேன், இல்லேன்னு சொல்லாதம்மா. போணி." ராத்திரி கதை முடிந்தால் கொசுறுக் கதை வேண்டும். காய்க்கு மேலே நாலு கொத்து கறிவேப்பிலை கேட்டு வாங்குகிறவள் பெற்ற பிள்ளை, வேறெப்படி இருக்கும்? என்ன, அசல் கதை அஞ்சு நிமிஷம், கொசுறு முக்கால் மணி நேரம்.

அவள் அப்பாவிடம் இந்தப் பாச்சா எதுவும் பலிக்காது. அவர் உழவர் சந்தை மாதிரி. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை எங்கள் ஊர் அண்ணா நகரில்தான் திறந்தார்கள், 1999 நவம்பர் 14-ல். பொருத்தமாகக் குழந்தைகள் தினம் வேறு. அங்கே பலகையில் எழுதியதுதான் விலை, பேச்சுக்கே இடமில்லை. எனக்கு அங்கே போனாலே வாயைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். இவர் எட்டரைக்குத் தூங்கணும் என்றால் எட்டரைக்கு அவள் போர்வைக்குள். பத்து வருஷமாக நான் இளக்காரம் செய்த மனுஷன். வயிறு எரிகிறது.

ரெண்டு வருஷத்துக்கு முந்தைய தீபாவளியையும் சொல்லிவிடுகிறேன். விளக்குத்தூணில் பண்டிகைக்கு முந்தின ராத்திரி நடைபாதைக் கடைக்காரர்கள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்று காத்திருந்தேன். முந்தின வாரம் 600 சொன்ன பாவாடை சட்டை, ராத்திரி பதினோரு மணிக்கு 250. மிச்சம் கிடந்ததோ பன்னிரண்டு வயசு அளவு. அவளுக்கு அப்போது ஆறு. வளர்ற பிள்ளைதானே என்று வாங்கிவிட்டேன். விடிந்ததும் ரெண்டு கையாலும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், மத்தாப்பு பிடிக்கக் கை இல்லை. இன்றைக்கும் நான் எதையாவது மறுத்தால் சண்டை போடுவதில்லை. பீரோவைத் திறந்து அந்தப் பாவாடையை எடுத்துக் கட்டிலில் விரித்து வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

போன மாதம் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். டீச்சர் விடைத்தாளைக் காட்டினார். கணக்கில் 20-க்கு 17. "மிஸ், மூணுதானே, ரவுண்டா 20 போட்டுக் குடுங்கன்னு கேக்குறா. இதெல்லாம் எங்க கத்துக்குறான்னே தெரியல" என்றார். எனக்கும் தெரியவில்லை என்று முகத்தை வைத்துக்கொண்டேன். வெளியே வந்து அவள் காதைத் திருகி, வெளி ஆட்களிடம் இப்படிப் பேசக் கூடாது என்று படி இறங்கும்வரை புத்தி சொன்னேன்.

கீழே ஃபீஸ் கவுண்டர். 2,350 என்று சீட்டை நீட்டினார்கள். சத்தியமாக நான் யோசிக்கவேயில்லை, வாய் தானாக வந்தது: "ரவுண்டா 2,300 வச்சுக்கங்களேன் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் நான் பர்சைத் தேட, கீழே இருந்து என் முந்தானையை இழுத்துக் கிசுகிசுக்கிறாள்:

"ம்மா, ரெண்டாயிரத்துல ஆரம்பிச்சிருக்கணும்."