சூரியனைப் பார்க்க எந்தக் கருவி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய 60 மி.மீ. தொலைநோக்கி ஒன்று வாங்கினேன். அதோடு சிறு வளையத்தில் பொருத்திய கறுப்புக் கண்ணாடியும் வந்தது. கண்ணருகு வில்லையில் திருகிச் சூரியனைப் பார்க்கலாமா, ஐயா? (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

கூடவே கூடாது. அந்த வளையத்தை இன்றே உடைத்துக் குப்பையில் போடுங்கள். தெரிந்தவர்களுக்கும் கொடுத்துவிடாதீர்கள். முன்வில்லை திரட்டும் வெப்பமெல்லாம் குவியும் இடத்துக்கு அருகில்தான் அந்தக் கண்ணாடி இருக்கிறது. எந்த நொடியிலும் வெடிக்கலாம். அப்போது உங்கள் கண் அதற்கு நேர் பின்னால் இருக்கும்.

வடிகட்டி குழாயின் முன்வாயில்தான் இருக்க வேண்டும். பாடர் போன்ற நிறுவனங்கள் விற்கும், கண்ணால் பார்ப்பதற்கான சூரியப் படலம் (அடர்த்தி 5) லட்சத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் உள்ளே விடும். ஒரு ஏ4 தாள் உங்கள் குழாய்க்குத் தாராளம். இரண்டு அட்டை வளையங்களுக்கு நடுவே ஒட்டுங்கள். இழுத்து விறைப்பாக ஒட்டாதீர்கள். சுருக்கம் இருந்தால் பாதகமில்லை, இழுத்தால்தான் பிம்பம் கெடும். ஒவ்வொரு முறையும் விளக்குக்கு எதிரே பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள். நம் கடற்காற்று தூக்கிக்கொண்டு போகாதபடி குழாயோடு டேப் போட்டு இறுக்குங்கள். பக்கத்தில் இருக்கும், குறிபார்க்க உதவும் சிறு தேடுகுழலைக் கழற்றி வையுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

என்னிடம் 8 அங்குல டாப்சோனியன் ஆடித் தொலைநோக்கி இருக்கிறது. ஹெர்ஷல் பட்டகம் வாங்கலாமா? (வெருலம்)

உங்கள் கருவிக்கு அது ஆகாது. முன்வாயில் வடிகட்டி இல்லாமல் பயன்படுத்தும் பொருள் அது. ஒளியில் சுமார் 5 சதவீதத்தை மட்டும் கண்பக்கம் திருப்பி, மீதியைப் பின்னால் தள்ளிவிடும். அந்த ஒளி பட்டகத்தை அடையும் முன்பே உங்கள் இரண்டாம் ஆடி சூடேறிவிடும். வில்லைத் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே பட்டகம். அவர்களுக்குப் படலத்தைவிடத் துல்லியமான பிம்பம் கிடைக்கும்.

நீங்கள் குழாயின் வாயை அட்டையால் மூடி, ஓரமாக 70 மி.மீ. துளையிட்டு அதில் படலத்தை ஒட்டுங்கள். எட்டு அங்குலத்தையும் வீணாக்குகிறோமே என்று தோன்றும். பகல் காற்று அதற்குமேல் பெரும்பாலும் இடம் தராது. துளையைப் பெரிதாக்குவதைவிட நேரத்தையும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். சூரியன் எழுந்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள், தரை சூடாவதற்கு முன் பார்ப்பது நல்லது. சிமெண்ட் முற்றத்தைவிடப் புல்தரை மேல். பார்வைக்கோட்டில் அடுத்த வீட்டுத் தகரக் கூரை வந்தால், சூரியனின் விளிம்பு கொதிப்பதுபோல் அலையும். சூரியப் புள்ளிகளைச் சுற்றிய சாம்பல் வளையம் கரைந்துபோகும். உங்கள் பக்கம் கரும்புத் தோட்டம் எரிக்கும் நாள்களில் கருவியை வெளியே எடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

ஹைட்ரஜன் ஆல்ஃபாவில் பார்க்க ஆசை. 40 மி.மீ. தனிக் கருவியா, என் 80 மி.மீ. தொலைநோக்கியில் குவார்க் என்னும் வடிகட்டியைப் பொருத்துவதா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

முதல் கருவி என்றால் சிறிய தனிக் கருவிதான் என் தேர்வு. ஹைட்ரஜனின் 656.28 நானோமீட்டர் சிவப்பு ஒளியில், விளிம்பில் எழும் பிழம்புகளை முழு வட்டத்தோடு ஒரே பார்வையில் காட்டும். குவார்க்குக்குள் 4 மடங்குக்கு மேல் பெருக்கும் வில்லை உண்டு. உங்கள் தொலைநோக்கியின் குவியத்தூரம் 500 மி.மீ. என்றால் அது 2,000 மி.மீ.யைத் தாண்டிவிடும், முழுச் சூரியன் பார்வைக்குள் அடங்காது. மின்சாரமும் வேண்டும், சூடேறும்வரை காத்திருக்கவும் வேண்டும். லோட் ஷெடிங் வந்தால் கவலை இல்லை, பவர் பேங்க் போதும்.

பழைய பி.எஸ்.டி. (கொரோனாடோவின் சிறிய ஹைட்ரஜன் ஆல்ஃபா தொலைநோக்கி) மலிவாகக் கிடைத்தால், கண்ணருகு வில்லை செருகும் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் சிறு கண்ணாடி பால்போல மங்கியிருந்தால் வேண்டாம். கடலோர ஈரத்தில் இருந்த கருவி என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

துருவத்தோடு பொருத்தும் மவுண்ட் வாங்கினேன். பகலில் நட்சத்திரம் ஏது? எப்படித் திசை வைப்பது? (பீனிக்ஸ், டர்பன்)

இரவிலும் நமக்குப் பெரிய உதவி கிடையாது; தென் துருவத்து சிக்மா ஆக்டாண்டிஸ் நகர வெளிச்சத்தில் தெரியாத அளவுக்கு மங்கல். சூரியனையே கேளுங்கள். ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். டர்பனில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கே இருப்பதால், அந்நேரம் நூலின் நிழல் சரியாகத் தெற்கே விழும். ஆனால் கடிகாரத்தின் 12 மணியை நம்பாதீர்கள். உண்மையான நண்பகல் நவம்பர் தொடக்கத்தில் ஏறக்குறைய 11.40க்கும், பிப்ரவரி நடுவில் ஏறக்குறைய 12.10க்கும் வரும், அன்றைய நேரத்தைக் கைபேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். திசைகாட்டி இங்கே சுமார் 25 பாகை தவறு செய்யும். மவுண்டின் அச்சை நிழல் விழும் திசையில் திருப்பி, அதன் உயரத்தை 30 பாகையில் வையுங்கள். படம் எடுக்காமல், வடிகட்டி போட்ட தொலைநோக்கியில் பார்க்க மட்டும் இந்தத் துல்லியம் போதும்.

2030 கிரகணத்துக்குப் பள்ளிக்காக எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்? (மெரிபேங்க்)

நவம்பர் 25, திங்கட்கிழமை காலை முழுமறைவுப் பாதை டர்பன் மேல் வருகிறது. கூட்டத்துக்குத் தொலைநோக்கி முதல் தேவை அல்ல, ஐ.எஸ்.ஓ. 12312-2 தரக் கண்ணாடிகளைப் பிள்ளைக்கு ஒன்றாக வாங்குங்கள். அவற்றைப் போட்டுக்கொண்டு தொலைநோக்கி வழியாகவோ பைனாகுலர் வழியாகவோ பார்க்கக் கூடாது. மிஞ்சிய பணத்தில் ஒரு 70 மி.மீ. தொலைநோக்கியும் முன்வாய்ப் படலமும் போதும், ஓர் ஆசிரியர் பக்கத்திலேயே நிற்கட்டும். நவம்பர் மழை மாதம். மேகம் மூடினால் காரில் உள்நாட்டுப் பக்கம் நகர முடியுமா என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

எஸ்.டி.ஓ. செயற்கைக்கோள் படத்தில் மேலே இருக்கும் புள்ளி என் தொலைநோக்கியில் கீழே தெரிகிறது. கருவியில் கோளாறா? (லெனேசியா)

இல்லை. அந்தப் படத்தில் வடக்கு மேலே. நமக்கு நண்பகலில் சூரியனின் தெற்கு மேலே. கண்ணருகு வில்லைக்கு முன் ஒளியைத் திருப்பும் மூலைவிட்ட ஆடி போட்டிருந்தால் படத்தை மேல்கீழாக மட்டும் புரட்டுங்கள், பொருந்திவிடும். ஆடியைக் கழற்றி நேராகப் பார்த்தால் புரட்டவே வேண்டாம். காலையிலும் மாலையிலும் சாய்ந்து தெரியும்.