கை நீளும் அந்த நொடியை வரையுங்கள்

கேள்வி: மொரீஷியஸ் ரோஸ்ஹில்லில் ஞாயிறுதோறும் கோயிலில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் கைபேசியை விட்டு நிமிர்வதில்லை. பெற்றோரும் அப்படித்தான். அவர்களே பார்த்து மீள ஒரு படக் கையேடு செய்ய ஆசை. வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். அட்டைக்கு, கைபேசியோடு சங்கிலியால் கட்டப்பட்ட பையனை வரைந்திருக்கிறேன். உள்ளே என்ன வரைவது, எத்தனை பக்கம்?

பதில்: அந்தச் சங்கிலியை முதலில் எடுத்துவிடுங்கள். தன்னைக் கைதியாகக் காட்டும் புத்தகத்தை எந்தப் பையனும் இரண்டாம் முறை திறக்கமாட்டான். 'நோய்' என்ற சொல்லும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் கோளாறு இருக்கிறது; கைபேசிக்கென்று தனி நோய் கிடையாது.

கை கைபேசியை நோக்கி நீளும் நொடியை வரையுங்கள். பழக்கம் அங்கேதான் பிடிபடும். கண் விழித்ததும், மெட்ரோவுக்குக் காத்து நிற்கையில், வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்கு வராதபோது. இடப்பக்கம் கை நீளுகிறது. வலப்பக்கம் அதே இடம், அதே கை, வேறு வேலை. 'இப்படி நேர்ந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்கள், வெறுமனே ஆசைப்பட்டவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலேயே காட்டினார். உங்கள் ஜோடிப் படம் ஒரு வரிகூட எழுதாமல் அதைச் சொல்லிவிடும்.

வலப்பக்கம்தான் கஷ்டம். 'புத்தகம் படி' என்று வரைந்தால் உபதேசமாகிவிடும். கோயில் பந்தியை நினைத்துப் பாருங்கள்: வாழையிலை, ஏழு கறி. சோறு பிசைந்த கை கைபேசியைத் தொடாது, யாரும் சொல்லவே வேண்டாம். மாவு பிசைவது, காவடிக்குப் பூக் கட்டுவது என்று கைக்கு வேலையுள்ள காட்சிகளைப் பிள்ளைகளிடமே கேட்டு வாங்குங்கள். முதல் ஜோடியில் வரும் கை ஓர் அப்பாவுடையதாக இருக்கட்டும்.

கைபேசியின் தந்திரத்துக்கு இரண்டு பக்கம் போதும். தள்ளத் தள்ள முடிவே இல்லாத திரை அது. அடுத்து நல்லது எப்போது வரும் என்று தெரியாததால்தான் விரல் ஓய்வதில்லை. எதிரே மாற்று: அறிவிப்புகளை அணைப்பது, திரையைக் கறுப்பு வெள்ளையாக்குவது, இரவில் சார்ஜரை அறைக்கு வெளியே வைப்பது.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்பார்கள். அதை நம்பி 21 நாள் அட்டவணை போடாதீர்கள். 2010இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், புதுப் பழக்கம் படிய 18 முதல் 254 நாள்வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள், நடுமதிப்பு 66. 22ஆம் நாள் சறுக்கிய பிள்ளை தான் தோற்றதாக நினைத்துக்கொள்ளும். தைப்பூசக் காவடி விரதத்தின் 10 நாளில் தொடங்குங்கள், வீடே கட்டுப்பாட்டில் இருக்கும் சமயம் அது. பிறகு தேதி போடாத வெற்றுக் கட்டங்கள். அன்றன்று கை என்ன செய்தது என்று பிள்ளையே வரையட்டும்.

16 பக்கம் போதும். நடுவில் பின் அடிக்க 4இன் மடங்காக இருக்க வேண்டும். நகலெடுக்க வசதியாகக் கறுப்பு வெள்ளையில் வரையுங்கள். தயவுசெய்து வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பாதீர்கள். அதைப் பார்க்கவும் கைபேசியைத்தான் எடுப்பார்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், எழுத்தை மறைத்து மூன்று பிள்ளைகளிடம் காட்டி, 'இங்கே என்ன நடக்கிறது?' என்று மட்டும் கேளுங்கள். கிரியோலில் சொன்னாலும் சரி. தடுமாறும் பக்கத்தைத் திரும்ப வரையுங்கள்.