மாரத்தான் வீராங்கனைகள் ஏன் ஊட்டிக்கு வந்து பயிற்சி எடுக்கிறார்கள்?

உயரமான இடத்தில் வாரக்கணக்கில் தங்கி ஓடிப் பழகுவதுதான் உயர்மலைப் பயிற்சி. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு (இங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகாததும் இதனால்தான்). ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறையும். சிறுநீரகம் அதை உணர்ந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்களைக் கூட்டச் சொல்லி எலும்பு மஜ்ஜையைத் தூண்டும். குழாயில் தண்ணீர் நூலாக வந்தால் வீட்டில் குடங்களைக் கூட்டுவோமே, அது மாதிரி. மூன்று நான்கு வாரம் கழித்துக் கீழே இறங்கினால், 42.195 கி.மீ. ஓட்டத்தில் அந்தக் கூடுதல் குடங்கள் கைகொடுக்கும்.

சின்ன லாபம்தான். ஆனால் 2015இல் பெய்ஜிங்கில் இந்திய வீராங்கனை ஓ.பி. ஜெய்ஷா மாரத்தானை ஓடி முடித்தது 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில். 2019இல் மும்பையில் இன்னொரு இந்திய வீராங்கனை சுதா சிங் 2 மணி 34 நிமிடம் 56 விநாடியில். வித்தியாசம் 13 விநாடி!

பெண்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. சிவப்பணு உருவாக இரும்புச்சத்து வேண்டும். மாதவிடாயில் அது மாதாமாதம் போகும். அதனால் மலையேறுமுன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது, என்னைக் கேட்டால், புது ஷூ வாங்குவதைவிட அவசியம்.

‘ஊட்டிக் காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறைவு’ என்று பலர் நினைக்கிறார்கள். மெரினாவிலும் தொட்டபெட்டாவிலும் அது ஏறக்குறைய 21 சதவீதமே, குறைவது அழுத்தம்தான்.