எள்ளு நூடில்ஸ்: சட்டி சூடாக இருக்கும்வரை கேளுங்கள்

கத்தாரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பதினொரு வருடம் நின்றவன் நான். பக்கத்து அடுப்பில் நின்றவர் சீனாவின் வுஹான் நகரத்துக்காரர். மத்தியான நெரிசல் ஓய்ந்ததும் தனக்கென்று ஒரு கோப்பை நூடில்ஸை எள்ளு விழுதில் பிரட்டி, நின்றபடியே சாப்பிடுவார். மூன்றாம் நாள் எனக்கும் ஒரு கோப்பை வந்தது. இப்போது மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டோடு இருக்கிறேன். போன வாரம் நமது சமையல் குழுவில் அதன் படத்தைப் போட்டதிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. ஆகவே இன்று ஞாயிறு நான்கு மணி முதல் உட்கார்ந்திருக்கிறேன். எள்ளு, சோஸ், நூடில்ஸ் பற்றிக் கேளுங்கள். கேட்பவரின் பெயருக்குப் பதிலாக ஊரைப் போடுகிறேன். நோய், சமயம் பற்றிக் கேட்டால் உரியவரிடம் அனுப்பிவிடுவேன். தொடங்குமுன் ஒரே எச்சரிக்கை: எள்ளு வறுக்கும்போது தொலைபேசியைத் தொடாதீர்கள்.

ஆரையம்பதி: அண்ணா, வேலை முடிந்து ஆறரைக்குத்தான் வீடு சேர்கிறேன். இருபது நிமிடத்தில் முடியுமா? அளவோடு சொல்லுங்கள்.

முடியும் தங்கச்சி, விழுது போத்தலில் தயாராக இருந்தால். விழுதை ஞாயிற்றுக்கிழமை செய்துவையுங்கள். ஐந்து கரண்டி எள்ளை மட்டும் அரைக்கப் பார்த்தால் கிரைண்டரின் அலகுக்கு எட்டாது, சுவரில் அப்பிக்கொண்டு நிற்கும். கால் கிலோவாகச் செய்யுங்கள்.

கடையில் நிறுத்துத் தரும் எள்ளில் மண் இருக்கும். அம்மா அரிசி அரிக்கும் அரிக்கன்சட்டி வீட்டில் இருந்தால் அதில் அரித்தெடுங்கள். எள்ளு நீரோடு வந்துவிடும், மண் வரியில் தங்கிவிடும். வடித்து வெயிலில் காயவையுங்கள். வறண்ட கச்சான் காற்று அடிக்கிற நாளென்றால் அரை நாள் போதும், ஆனால் தட்டின் மேல் வலைத்துணி போடாவிட்டால் எள்ளு அடுத்த வளவில் இருக்கும்.

தாச்சியில் குறைந்த நெருப்பில் வறுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒன்றிரண்டு துள்ளும், மணம் எழும். ஓர் எள்ளைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நசுக்கிப் பாருங்கள். பச்சை எள்ளு வழுக்கி ஓடும். பதமான எள்ளு பொடிந்து மணக்கும். அந்தக் கணமே தட்டில் கொட்டுங்கள். அடுப்பை அணைத்துவிட்டோம் என்று தாச்சியிலேயே விட்டால், தாச்சியின் சூடு மிச்ச வேலையையும் பார்த்துவிடும்.

இளஞ்சூட்டோடு அரையுங்கள். முதலில் மா போல வரும், பிறகு திரளும். பயந்து தண்ணீர் விடாதீர்கள். எள்ளின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். அரைபட அரைபட அதுவே கசியும். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்து, நிறுத்தி நிறுத்தி, சுவரை வழித்துவிட்டு அரைத்தால் தோசை மாவைவிடக் கொஞ்சம் தடிப்பாக ஓடத் தொடங்கும். ஈரமில்லாத போத்தலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு மாதம் நிற்கும். மேலே எண்ணெய் பிரிந்தால் கலக்கிவிடுங்கள்.

இனி ஆறரை மணி. இருவருக்கு நூடில்ஸ் 200 கிராம். தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் ஒரு கோப்பையில் விழுது 3 மேசைக்கரண்டி, சோயா சோஸ் 2, வினாகிரி 1, சீனி ஒரு தேக்கரண்டி, இடித்த உள்ளி இரண்டு பல், துருவிய இஞ்சி கொஞ்சம். பொதியில் எழுதியிருப்பதைவிட ஒரு நிமிடம் முந்தி நூடில்ஸை இறக்குங்கள். வடிக்குமுன் ஒரு கோப்பை அவித்த நீரை எடுத்துவையுங்கள். பாதிப் பேர் மறப்பது இதைத்தான். அந்த நீரைக் கரண்டி கரண்டியாக விட்டுச் சோஸைத் தளர்த்தி, நூடில்ஸைப் போட்டுப் பிரட்டுங்கள். மேலே மெல்லிதாகக் கீறிய வெள்ளரிக்காய், சூடான எண்ணெயில் பொரிந்த இடித்த செத்தல் மிளகாய். முடிந்தது.

சாய்ந்தமருது: நீங்கள் முன்பு சொன்னபடி சோஸைத் தளர்த்த விழுதில் தண்ணீர் விட்டதும் சீமெந்து போல இறுகிவிட்டது. வீசிவிட்டோம்.

ஐயோ நாநா, வீசியிருக்கக் கூடாது! தண்ணீர் கூடியதால் இறுகவில்லை, போதாததால்தான் இறுகியது. விழுது என்பது எண்ணெயில் மிதக்கும் எள்ளுத் துகள். கொஞ்சம் தண்ணீர் பட்டதும் துகள்கள் அதைக் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எல்லோரும் பயப்படுகிற இடம் இதுதான். அங்கே நிற்காமல் இன்னும் ஒரு கரண்டி, கலக்கு, இன்னும் ஒரு கரண்டி, கலக்கு. நான்காவது ஐந்தாவது கரண்டியில் அது சட்டென்று இளகும், நிறமும் வெளிறிப் பால்தேநீர் போலாகும். கரண்டியைத் தூக்கினால் நாடாவாக விழ வேண்டும். சோயா சோஸும் வினாகிரியும்கூடத் தண்ணீர்க் கணக்குத்தான், அவற்றை விட்டாலும் முதலில் இறுகும். ஒரேயடியாக ஊற்றினால் கட்டிகள் தனியே மிதக்கும். அதனால்தான் கரண்டிக் கணக்கு.

கல்முனை: பெரிய கடையில் தஹினி போத்தல் கிடைக்கிறது. அதைப் பாவிக்கலாமா?

பாவிக்கலாம். ஆனால் தஹினியைப் பெரும்பாலும் தோல் நீக்கிய எள்ளை வறுக்காமலோ மெல்ல வறுத்தோ அரைக்கிறார்கள். சீனர்களின் விழுது நன்றாக வறுத்த எள்ளு. நிறம் கடும் மண்ணிறம். தஹினியில் செய்தால் மணம் பாதிதான். கைப்பிடி எள்ளை வறுத்து இடித்து மேலே தூவிச் சமாளியுங்கள். வறுக்கும்போது தொலைபேசி வேண்டாம்.

களுவாஞ்சிக்குடி: வீட்டில் நல்லெண்ணெய் இருந்தது. தாராளமாக விட்டேன். படங்களில் சொல்கிற அந்த மணம் வரவே இல்லை.

வராது. இரண்டும் எள்ளெண்ணெய்தான், குணம் வேறு. நமது நல்லெண்ணெய் பச்சை எள்ளை ஆட்டி எடுப்பது. சமைக்கவும் தலைக்கு வைக்கவும் உகந்தது. சீனரும் ஜப்பானியரும் கடைசியில் சொட்டுகிற எண்ணெய் வறுத்த எள்ளைப் பிழிந்தது, வாசனைக்கு மட்டும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் விட்டால் வாயில் வேறொன்றும் தெரியாது. அது கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள். வறுத்து அரைத்த விழுதிலேயே அந்த மணம் இருக்கிறது.

வாழைச்சேனை: என் சோஸ் கசக்கிறது.

எள்ளு கருகியது. தொலைபேசி.

காத்தான்குடி: ஒரு செய்முறையில் சீனச் சமையல் மது சேர்க்கச் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

அதை விட்டுவிடுங்கள் தங்கச்சி. இந்தச் சோஸுக்கு அது தேவையே இல்லை, வுஹான்காரரும் விடவில்லை. வினாகிரி பற்றிக் கேட்பதென்றால் உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். தேசிக்காய்ப் புளி விட்டால் அந்தக் கேள்வியே எழாது. அரைப் பழம் போதும், அடுப்பை அணைத்தபின்.

சம்மாந்துறை: இரண்டு நிமிடப் பொதி நூடில்ஸில் செய்யலாமா?

செய்யலாம். கூட வரும் தூளைப் போடாதீர்கள், உப்பு இரட்டிப்பாகும்.

வந்தாறுமூலை: அண்ணா, எள்ளே தேவையில்லை என்பது என் கருத்து. நியூயோர்க் சைனாடவுனில் புகழ்பெற்ற குளிர் எள்ளு நூடில்ஸில் கச்சான் (நிலக்கடலை) பட்டர்தான் போடுகிறார்கள். நம் ஊரில் கச்சானுக்கா பஞ்சம்? ஏன் எள்ளை அரித்து, காயவைத்து, வறுத்துத் துன்பப்பட வேண்டும்?

பாதி சரி தம்பி. அந்த நியூயோர்க் கோப்பையோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பெயர் ஷோர்ட்டி டாங், 1970களில் அங்கே ஹ்வா யுவான் என்ற உணவகத்தில் சமைத்தவர். அந்தப் பாணிச் செய்முறைகள் பலவற்றில் எள்ளு விழுதும் கச்சான் பட்டரும் சேர்ந்தே வருகின்றன. எள்ளை எடுத்துவிட்டுக் கச்சானை மட்டும் வைத்தால் பெயரில் மட்டும்தான் எள்ளு மிஞ்சும். கச்சான் இனிப்பாக, மொத்தமாக நாக்கில் உட்காரும். எள்ளில் மெல்லிய கசப்பு ஓடும். சோயாவும் வினாகிரியும் அந்தக் கசப்போடுதான் சேர்கின்றன.

செங்கலடி: தம்பிமார் எள்ளு எள்ளு என்கிறீர்கள். எள்ளு சனீஸ்வரனுக்கு எரிப்பதும் பிதிர்களுக்கு இறைப்பதும். இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் எள்ளு வறுப்பதை எங்கள் அம்மா விடமாட்டார்.

அம்மா, உங்கள் வீட்டு வழக்கத்தில் நான் கை வைக்க மாட்டேன். ஆனால் எள்ளுருண்டையை எல்லா வீட்டிலும்தான் கடிக்கிறோம். மத்தியானம் வறுத்து வைத்துக்கொள்ளுங்கள், இரவில் போத்தலைத் திறந்தால் போதும்.

காத்தான்குடி: நாங்கள் எந்த நேரமும் வறுக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை.

வந்தாறுமூலை: கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால் எவருக்கும் வித்தியாசம் தெரியாது. கச்சான்தான் மலிவு, கச்சான்தான் சுகம்.

ஏறாவூர்: தம்பி சொல்வது சரி. அண்ணா சும்மா எள்ளுக்காக வாதாடுகிறார்.

எள்ளு எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று ஒரு பழமொழி இருக்கிறது. யாரையும் குறித்துச் சொல்லவில்லை. பத்து நிமிடம் பொறுங்கள். உள்ளே போய் இரண்டு கோப்பை கலந்துகொண்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். ஒரே நூடில்ஸ், ஒரே சோயா, ஒரே வினாகிரி. ஒன்றில் எள்ளு விழுது, மற்றதில் அரைத்த கச்சான். மருமகளின் கண்ணைச் சால்வையால் கட்டினோம். முதல் வாயிலேயே சரியாகச் சொன்னாள்: "இது எள்ளு, பின்நாக்கில் கசக்கிறது." எனக்கு வெற்றி. பிறகு அம்மா இரண்டையும் கண் திறந்தபடியே சாப்பிட்டு, கச்சான் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எண்பத்திரண்டு வயது, எதிர்த்து ஒன்றும் பேச முடியாது. நேர்மையாகப் பதிகிறேன் தம்பி. உன் கோப்பை அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதன் பெயர் கச்சான் நூடில்ஸ்.

வந்தாறுமூலை: அம்மாவுக்கு வணக்கம் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டேன். கோப்பையை விடமாட்டேன் என்கிறார்.

அக்கரைப்பற்று: கறுப்பு எள்ளுதான் கிடைக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை. சுவை கொஞ்சம் அழுத்தமாக இருக்கும், சோஸ் சாம்பல் நிறமாகும். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். கறுப்பு எள்ளில் நிறம் பார்த்துப் பதம் சொல்ல முடியாது, ஆகவே காதும் விரலும்தான் கணக்கு. துள்ளும் சத்தம் கேட்டதும் நசுக்கிப் பார்க்கத் தொடங்குங்கள்.

திருக்கோவில்: எனக்குக் கசக்கிறது அண்ணா, ஏன்?

வாழைச்சேனைக்குச் சொன்ன பதில்.

கல்முனை: காலையில் அவித்த இடியப்பம் மிஞ்சிவிட்டது. அதில் இந்தச் சோஸ்?

நல்ல கேள்வி! நானே செய்து பார்த்தேன். இடியப்பம் ஈரத்தைக் குடிக்கும், ஆகவே சோஸை மோர் போலத் தளர்த்துங்கள். பிரட்டாதீர்கள், மேலே ஊற்றுங்கள், பிரட்டினால் களியாகிவிடும். சிவப்பு அரிசி இடியப்பத்துக்கு எள்ளு இன்னும் பொருந்துகிறது.

கொக்கட்டிச்சோலை: பிள்ளைக்குப் பாடசாலைக்குக் கட்டிக் கொடுக்கலாமா? போன வருடம் கச்சான் சாப்பிட்டு உதடு வீங்கியது. எள்ளு வித்துத்தானே, பயமில்லையே?

வேண்டாம் தங்கச்சி, இங்கே நிறுத்துங்கள். கச்சானுக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் சிலருக்கு எள்ளும் ஒத்துக்கொள்ளாது. எள்ளு ஒவ்வாமை சிறிய விடயம் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் உணவுப் பொதிகளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒன்பதாவது பெரிய ஒவ்வாமைப் பொருளாக அதைச் சேர்த்தார்கள். முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை வீட்டில் ஒரு கரண்டிகூடக் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

நிந்தவூர்: சீனி வருத்தம் இருப்பவர்கள் சாப்பிடலாமா?

கிளினிக்கில் கேளுங்கள்.

ஏறாவூர்: எள்ளுக்குப் பதிலாகக் கச்சான்...

மேலே வாசியுங்கள். அம்மா இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

பொத்துவில்: மகளின் பிறந்தநாளுக்கு நாற்பது பேர். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எப்படிக் கொடுப்பது? முன்கூட்டியே பிரட்டி வைத்தால் கட்டியாகிவிடுமே?

ஆகும், ஆகவே பிரட்டி வைக்காதீர்கள். இதற்கு வுஹான் தெருக்கடைக்காரர்களின் வழிதான் சரி. அங்கே இதைக் காலைச் சாப்பாடாக வாங்கி நடந்துகொண்டே சாப்பிடுகிறார்கள். "ரே கன் மியன்" என்பார்கள், சூடான உலர்ந்த நூடில்ஸ் என்று பொருள். நூடில்ஸை முக்கால் பதமாக அவித்து, எண்ணெய் பிரட்டி, விசிறி ஆறவைத்துவிடுகிறார்கள். ஆள் வந்ததும் ஒரு பிடியைச் சல்லடைக் கரண்டியில் போட்டுக் கொதிநீரில் சில விநாடி முக்கி, உதறி, கோப்பையில் போட்டு மேலே விழுது. நீங்களும் காலையில் நாலு கிலோ அவித்து, தட்டுகளில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே ஆறவையுங்கள். சோஸைப் பெரிய பாத்திரத்தில் கலந்து மூடிவையுங்கள். மாலையில் கொதிநீர்ச் சட்டி ஒன்றும் பொறுமையான ஒரு மச்சானும் போதும். பக்கத்தில் முள்ளங்கி அச்சாறு வையுங்கள். சோஸ் நேரம் போகப் போக இறுகும், சுடுநீர்ப் போத்தல் கைக்கெட்ட இருக்கட்டும்.

ஓட்டமாவடி: எத்தனை கலோரி?

எண்ணிக்கொண்டு இதைச் சாப்பிட முடியாது.

ஆறு மணியாகப் போகிறது. இன்னும் ஒன்று.

மண்டூர்: அண்ணா, இப்போது எள்ளு தாச்சியில் இருக்கிறது. வாசித்துக்கொண்டே வறுக்கிறேன். புகை லேசாக வருகிறது. இது பதமா?

தொலைபேசியைக் கீழே வையுங்கள்!